நிஜக்கதையின் கடைசி அத்தியாயம்

நாவல் படித்துப் பழகியவர்களுக்கு ஏற்றவை என்று சில நூல்கள் சிபாரிசு செய்யப்படுகின்றன. நடந்த சம்பவம், நிஜ மனிதர்கள், நிஜப் பெயர்கள். ஆனால் படிக்கும்போது நாவல் போலவே இருக்கும் என்கிறார்கள். கற்பனையில் நம்பிக்கை குறைந்துபோன, ஆனால் கதையை விட்டுவிட மனமில்லாத வாசகனுக்கு இது நல்ல சமரசமாகத் தெரிகிறது. நான் இந்த நூல்களை விரும்பிப் படிக்கிறவன். அதனாலேயே ‘நாவல் போலவே’ என்ற பாராட்டை அப்படியே ஏற்க முடியவில்லை. எந்த அளவுக்கு நாவல் போல? எந்த இடத்தில் அந்தப் ‘போல’ நின்றுவிட வேண்டும்?

காட்சி காட்சியாகச் சொல்லலாம். பேச்சுக்குச் சாட்சி இருந்தால் பேச்சைத் தரலாம். காலத்தை முன்பின்னாக மாற்றலாம். முக்கியமான ஒரு தகவலை நூறு பக்கம் பிடித்து வைத்திருந்து பிறகு அவிழ்க்கலாம். இவையெல்லாம் நாவலாசிரியனின் தனிச் சொத்து அல்ல. கோர்ட்டில் வாதாடும் வக்கீலும் திண்ணையில் ஊர்க்கதை சொல்லும் கிழவியும் இதையெல்லாம் செய்கிறார்கள். அதற்காக யாரும் அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்வதில்லை. நாவலுக்கு மட்டுமே உரியது ஒன்று உண்டு. அது முடிவு.

நாவலில் கடைசிப் பக்கத்துக்கு அப்பால் எதுவும் இல்லை. அன்னா கரீனினா ரயிலில் விழுந்து செத்தபின் விரான்ஸ்கி போருக்குக் கிளம்புகிறான். அங்கே அவன் என்ன ஆனான் என்று டால்ஸ்டாயைக் கேட்க முடியாது. பதில் அவரிடமும் கிடையாது. விரான்ஸ்கி அந்த வரியோடு தீர்ந்துபோனவன். இந்தத் தீர்ந்துபோதலில்தான் நாவலின் அர்த்தம் கூடி நிற்கிறது. நிஜ மனிதன் அப்படித் தீர்வதில்லை. புத்தகம் அச்சாகி வந்த மறுநாளும் அவன் எழுந்து பல் துலக்குகிறான். நோயில் விழுகிறான், மறுபடி கல்யாணம் செய்துகொள்கிறான், எழுதியவர்மேல் வழக்குப் போடுகிறான். அவன் செத்திருந்தால் அவனுடைய பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். நிஜக்கதை எழுதுகிறவன் ஓரிடத்தில் நிறுத்தலாம்; முடிக்க முடியாது. நிறுத்துவதற்கும் முடிப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை அந்த எழுத்தாளன் எப்படி எதிர்கொண்டான் என்பதே இவ்வகை நூல்களைத் தரம்பிரிக்க எனக்குத் தெரிந்த நம்பகமான அளவுகோல். வர்ணனையின் அழகும் சம்பவத்தின் விறுவிறுப்பும் பிறகுதான்.

2

ட்ரூமன் கபோட்டியின் ‘இன் கோல்ட் ப்ளட்’டிலிருந்து தொடங்குவதே நியாயம். இந்த வகைக்குப் பெயர் வைத்து ஊரறியச் செய்த நூல் அது. 1959 நவம்பர் 15 அன்று அமெரிக்காவின் கான்ஸஸ் மாநிலத்தில் ஹால்கம் என்ற சிற்றூரில் ஹெர்பர்ட் க்ளட்டர் என்ற விவசாயி, அவர் மனைவி, மகள், மகன் நால்வரும் தங்கள் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். வீட்டில் பெரும்பணம் இருக்கிறது என்ற தவறான தகவலை நம்பி வந்த ஹிக்காக், ஸ்மித் என்ற இருவருக்குக் கிடைத்தது ஐம்பது டாலருக்கும் குறைவு. செய்தித்தாளில் வந்த சிறு துணுக்கைப் பார்த்து கபோட்டி அங்கே போனார். உடன் போனவர் ஹார்ப்பர் லீ. 1965ல் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் நான்கு பகுதிகளாக வந்து 1966ல் புத்தகமாயிற்று. ‘நான்ஃபிக்‌ஷன் நாவல்’ என்று அதற்குப் பெயரிட்ட கபோட்டி, அதில் வருவதெல்லாம் உண்மை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இந்நூலின் கலைத் தேர்ச்சியைக் குறைத்துப் பேசுவது மடமை. குடும்பத்தின் கடைசி நாளும், அவர்களை நோக்கி வரும் காரும் மாறிமாறிச் சொல்லப்படுகின்றன. இரண்டும் சந்திக்கப்போகின்றன என்று நமக்குத் தெரியும். ஆனால் சந்திக்கும் இடத்தில் கபோட்டி விலகிக்கொண்டு, விடிந்தபின் பிணங்களைக் கண்டவர்களிடம் போய்விடுகிறார். அந்த இரவில் நடந்தது, பாதிப் புத்தகத்துக்குமேல் போன பிறகு, கொலைகாரனின் வாக்குமூலமாக வருகிறது. அதற்குள் அந்த மனிதனோடு நாம் வெகுதூரம் கூடவே வந்துவிட்டோம். இது அமைப்பு, இதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

கதை நின்ற இடத்தில் சங்கடம் தொடங்குகிறது. 1960ல் இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீல்கள் ஐந்து வருஷம் ஓடின. இதற்குள் புத்தகத்தின் பெரும்பகுதி எழுதப்பட்டுவிட்டது. முடிவு மட்டும் இல்லை. முடிவு இரண்டு மனிதர்களின் உயிரில் இருந்தது. தண்டனை தள்ளிப்போகும் ஒவ்வொரு தடவையும் கபோட்டி பட்ட அவஸ்தை, பிற்பாடு வெளிவந்த அவருடைய கடிதங்களில் தெரிகிறது. அவர்களில் ஒருவனோடு, ஸ்மித்தோடு, அவருக்கு நெருக்கமான உறவு ஏற்பட்டிருந்தது. அவன் சாகவேண்டாம் என்று அவருடைய ஒரு பாதியும், அவன் செத்தாலொழிய நூல் முடியாது என்று மறுபாதியும் காத்திருந்தன. 1965 ஏப்ரல் 14ல் இருவரும் தூக்கிலிடப்பட்டபோது அவரும் அங்கே இருந்தார். அவர்களைக் காப்பாற்ற இவர் செய்யக்கூடியதைச் செய்யவில்லை என்று கென்னத் டைனன் 1966ல் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். அந்தக் குற்றச்சாட்டு நியாயமா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. அப்படி ஒரு கேள்வி கேட்கப்படக்கூடிய நிலைக்கு ஒரு கலைஞனைக் கொண்டுபோய் நிறுத்தியது முடிவு வேண்டும் என்ற ஆசை என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இத்தனைக்கும் பிறகு, தூக்கோடும் அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. அதற்கப்பால் ஒரு மயானக் காட்சி வருகிறது. துப்பறிந்த அதிகாரி டூயி, க்ளட்டர்களின் சமாதிக்கருகே, கொல்லப்பட்ட பெண்ணின் சிநேகிதியைச் சந்திக்கிறார். அவள் இப்போது கல்லூரி மாணவி. கொஞ்சம் பேசுகிறார்கள். அவள் போகிறாள். கோதுமை வயலில் காற்று. மிக அழகான பக்கம். ஆனால் அந்தச் சந்திப்பு நடக்கவே இல்லை. 1988ல் வெளிவந்த ஜெரால்ட் க்ளார்க்கின் வாழ்க்கை வரலாறு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கபோட்டியின் 1951 நாவலான ‘தி க்ராஸ் ஹார்ப்’ ஏறக்குறைய இதே மாதிரியான மயானச் சந்திப்பில் முடிகிறது என்பதையும் அது சுட்டுகிறது. தன்னுடைய பழைய நாவலின் கடைசிப் பக்கத்தை எடுத்து, செத்துப்போன ஆறு நிஜ மனிதர்கள்மேல் போர்த்திவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நூல் வெளியான 1966லேயே ஃபிலிப் டாம்ப்கின்ஸ் என்பவர் ‘எஸ்க்வயர்’ பத்திரிகையில் வேறு பல முரண்பாடுகளை எடுத்துக் காட்டியிருந்தார். தூக்குமேடையில் ஸ்மித் மன்னிப்புக் கேட்டதாக வரும் இடத்தையும் அவர் சந்தேகித்தார். தகவல் பிழைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. எந்த இடத்தில் கற்பனை நுழைந்தது என்பதே கவனிக்க வேண்டியது. கொலைகாரனின் மன்னிப்பு, மயானத்தில் ஆறுதல் — இரண்டும் வாசகனை நிம்மதியாக எழுந்து போகவிடும் இடங்கள். ஐந்து வருஷம் பாடுபட்டுச் சேகரித்த உண்மைக்கு, வாசகனை நிம்மதியாக அனுப்பிவைக்கும் சக்தி இல்லை. அந்த இடத்தில் நாவலாசிரியன் வந்து கதவைச் சாத்தினான். கொலை நடந்த வீட்டில் அப்போது வசிக்காததால் உயிர்தப்பிய மூத்த மகள்கள் இருவர் உண்டு. கதவு சாத்தப்பட்டபோது அவர்கள் வெளியே நின்றார்கள்.

3

இதற்கு ஒரு மறுப்பு எழும். எல்லா எழுத்தும் தேர்வுதான், தேர்வே ஒருவகைக் கற்பனைதான். பிறகு இதென்ன புதிதாக ஒரு ஆசாரம் என்று கேட்கலாம். கெட்டிக்காரத்தனமான கேள்வி. நார்மன் மெய்லரின் ‘தி எக்ஸிக்யூஷனர்ஸ் ஸாங்’ (1979) நிஜமாகவே 1977ல் யூட்டா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட கைதி கேரி கில்மோரைப் பற்றியது. பேட்டிகளையும் ஆவணங்களையும் அடிப்படையாகக் கொண்டு எழுதியது. அதற்கு 1980ல் புலிட்சர் பரிசு கிடைத்தது நாவலுக்கான பிரிவில். பெயர்ப்பலகையை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம் போலிருக்கிறது.

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த சரியான பதில் ஜான் ஹெர்ஸியுடையது. 1980ல் ‘யேல் ரிவ்யூ’வில் எழுதிய கட்டுரையில் கபோட்டி, மெய்லர், டாம் வுல்ஃப் மூவரையும் அவர் கண்டித்தார். அவர் வாதத்தின் சாரம் இது: விடுவது வேறு, சேர்ப்பது வேறு. எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்பது வாசகனுக்குத் தெரியும். விடுபட்டதை அவன் எதிர்பார்த்தே படிக்கிறான். ஆனால் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்த கணத்தில், மீதி எல்லாமே அவன் காலடியில் ஆட்டங்காண்கிறது. மயானக் காட்சி பொய் என்று அறிந்தபின் நான் ‘இன் கோல்ட் ப்ளட்’டைத் திரும்பப் படித்தபோது நிகழ்ந்தது இதுதான். முதல் பகுதியில் அந்தப் பெண் அடுப்படியில் பலகாரம் செய்யும் இடத்தில்கூட, இது நடந்ததா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. நாவலில் அந்தக் கேள்விக்கு இடமே கிடையாது.

ஹெர்ஸி இதை ஆசாரமாகச் சொல்லவில்லை. அவரே நாவலாசிரியர். அவருடைய ‘ஹிரோஷிமா’ 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ இதழ் முழுவதையும் நிரப்பிக்கொண்டு வந்தது. அதன் அமைப்பை அவர் எடுத்ததும் ஒரு நாவலிலிருந்துதான்: தார்ன்டன் வைல்டரின் ‘தி ப்ரிட்ஜ் ஆஃப் ஸான் லூயி ரே’ (1927). ஒரு பாலம் அறுந்து ஐந்து பேர் சாகிறார்கள். அந்த ஐந்து வாழ்க்கைகள் எப்படி அந்தக் கணத்தில் வந்து கூடின என்பது அந்த நாவல். ஹெர்ஸி இதை ஆறு பேரின் கதையாக்கினார், சாகாத ஆறு பேர். ஒரு தொழிற்சாலைக் குமாஸ்தாப் பெண், தையற்காரரின் விதவை, இரண்டு டாக்டர்கள், ஒரு ஜெர்மானியப் பாதிரியார், ஒரு ஜப்பானியப் பாதிரியார். 1945 ஆகஸ்ட் 6 காலை எட்டேகால் மணிக்கு இவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தொடங்குகிறது. குரலை உயர்த்தாத நடை. ஆசிரியர் அழவில்லை, நம்மை அழச் சொல்லவுமில்லை. நாவலிலிருந்து இவர் கடன் வாங்கியது தொடக்கத்தை. கபோட்டி வாங்கியது முடிவை. இரண்டு கடன்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

1946ல் நான்கு அத்தியாயங்களோடு அவர் நிறுத்தினார். குண்டு விழுந்த அன்று பத்து வயதான ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்காக எழுதிய விஷயம் கடைசியில் வருகிறது. குழந்தைக்கு அது ஒரு சாகசம் மாதிரிதான் இருந்திருக்கிறது. எந்தத் தீர்வும் இல்லை. நிறுத்தம் அப்பட்டமாகத் தெரிகிறது.

ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து ஹெர்ஸி மறுபடி ஹிரோஷிமா போய் அந்த ஆறு பேரின் பின்வாழ்க்கையை விசாரித்து 1985ல் ஐந்தாவது அத்தியாயத்தை எழுதினார். இந்த அத்தியாயம் முதல் நான்கைப்போல இறுக்கமாக இல்லை என்று குறை சொல்வார்கள். உண்மைதான். அது தொய்கிறது, சிதறுகிறது, ஆறு பேரும் ஆறு திசையில் போகிறார்கள். விதவை நகமுரா சொல்லமுடியாத வறுமையில் வருஷக்கணக்கில் தத்தளித்து, அந்துருண்டை செய்யும் கம்பெனியில் பதின்மூன்று வருஷம் வேலை பார்க்கிறாள். குண்டடிபட்டவர்களின் வைத்தியத்துக்கான சட்டமே 1957ல்தான் வருகிறது. குமாஸ்தாப் பெண் கன்னியாஸ்திரீ ஆகிறாள். ஜெர்மானியப் பாதிரியார் ஜப்பானியப் பிரஜையாகி, ஜப்பானியப் பெயர் சூட்டிக்கொண்டு, 1977ல் இறக்கிறார். இரவு பகலாக ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கட்டுப்போட்ட இளம் டாக்டர் பிற்பாடு சொந்த க்ளினிக் கட்டிச் செல்வந்தராகிறார். ஜப்பானியப் பாதிரியார் தனிமோதோ 1955ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஒரு கேளிக்கை நிகழ்ச்சியில் உட்கார வைக்கப்படுகிறார். குண்டு போட்ட விமானத்தின் துணை விமானி அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறார். எந்த நாவலாசிரியனும் இந்தக் காட்சியைக் கற்பனை செய்யத் துணியமாட்டான். செய்தால் விமர்சகர்கள் சிரிப்பார்கள்.

தனிமோதோவின் பகுதியில் இடையிடையே, கதையோடு ஒட்டாத சில வரிகள் குறுக்கே வருகின்றன: இந்தத் தேதியில் இந்த நாடு அணுகுண்டுச் சோதனை நடத்தியது என்று மட்டும். பிரிட்டன், பிரான்ஸ், சீனா என்று போகும் அந்தப் பட்டியலில் 1974 மே 18ம் உண்டு. பொக்ரானில் நடந்தது. ஆறு ஜப்பானியர்களின் கதை என்று எட்ட இருந்து படித்துக்கொண்டிருந்தவனின் வீட்டுக் கதவையும் அந்த வரி தட்டிவிடுகிறது. 1946ல் கச்சிதமாக முடிக்கப்பட்ட ஒரு நூலாக இருந்திருந்தால் இது நேர்ந்திருக்க வழியில்லை. நிறுத்திய இடம் திறந்தே இருந்ததால்தான் பின்னால் நடந்தது உள்ளே வர முடிந்தது. உருவ அழகில் நஷ்டம். ஆனால் அந்த நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்றதில்தான் ஹெர்ஸியின் பெருமை இருப்பதாக நான் நினைக்கிறேன்.

4

கபோட்டி பெயர் சூட்டிக் கொண்டாடிய வகையை ஒன்பது வருஷம் முன்னதாகவே அர்ஜென்டினாவில் ஒருவர் எழுதியிருந்தார். ரொடோல்ஃபோ வால்ஷின் ‘ஓபெராசியோன் மசாக்ரே’ 1957ல் வந்தது. வால்ஷ் துப்பறியும் கதைக்காரர். துப்பறியும் கதையைப்போல முடிவுக்கு அடிமைப்பட்ட வேறு இலக்கிய உருவம் கிடையாது. குற்றவாளி யார் என்று காட்டுவதற்காகவே அது எழுதப்படுகிறது.

1956 ஜூன் 9 இரவு, ஆட்சியிலிருந்த ராணுவத்துக்கு எதிராக ஒரு கிளர்ச்சி தொடங்கித் தோற்றது. அந்த இரவில் புவனோஸ் ஐரிஸ் புறநகர் வீடொன்றில் ரேடியோவில் குத்துச்சண்டை வர்ணனை கேட்கக் கூடியிருந்தவர்களைப் போலீஸ் பிடித்தது. அவர்களில் சிலருக்குக் கிளர்ச்சி பற்றித் தெரியும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. விடியுமுன் அவர்களை ஒரு குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். ஐந்து பேர் செத்தார்கள். ஏழு பேர் தப்பினார்கள். ஆறு மாதம் கழித்து, சுடப்பட்டவர்களில் ஒருவன் உயிரோடிருக்கிறான் என்று காப்பிக் கடையில் யாரோ வால்ஷிடம் சொன்னார்கள். அவர் தேடிப் போனார். முகத்தில் குண்டு துளைத்த தழும்போடு இருந்த அந்த இளைஞனைக் கண்டார்.

துப்பறியும் கதைக்காரரின் மூளை வேலை செய்தது. ராணுவச் சட்டம் அமலானதாக ரேடியோவில் அறிவிக்கப்பட்டது ஜூன் 10, நள்ளிரவு கடந்து 12 மணி 32 நிமிஷத்துக்கு. இவர்களைப் பிடித்தது அதற்கு ஒரு மணி நேரம் முன்பு. அரசாங்க ரேடியோவின் அறிவிப்பாளர் பதிவேட்டை வைத்தே அவர் இதை நிரூபித்தார். ஆக, இல்லாத சட்டத்தின்கீழ் சுட்டிருக்கிறார்கள். உத்தரவிட்ட போலீஸ் தலைவரின் பெயரையும் அவர் வெளியிட்டார். துப்பறியும் கதையாக இருந்தால் இங்கே முடிந்துவிடும். நிஜத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வழக்கு ராணுவ நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு அங்கே கரைந்துபோயிற்று.

குற்றவாளி தெரிந்துவிட்டான், கதை முடியவில்லை. இந்த விசித்திரமான நிலையில் வால்ஷ் செய்தது முக்கியமானது. 1964, 1969, 1972 என்று ஒவ்வொரு பதிப்பிலும் முன்னுரையை மாற்றினார், பின்னுரையை மாற்றினார், பகுதிகளை நீக்கினார், சேர்த்தார். அன்றைய ஆட்சித்தலைவர் அரம்புரு 1970ல் கொல்லப்பட்டபின் அதைப்பற்றியும் ஒரு பகுதி சேர்ந்தது. ஹோர்கே செத்ரோன் இதைப் படமெடுத்தபோது, குப்பைமேட்டிலிருந்து தப்பிய ஹூலியோ ட்ராக்ஸ்லர் தானாகவே நடித்தார். 1974ல் ஒரு வலதுசாரிக் கொலைக்கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. 1977 மார்ச் 24 தேதியிட்டு ராணுவ ஆட்சிக்கு வால்ஷ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மறுநாள் தெருவில் அவரை மடக்கிச் சுட்டார்கள், உடல் கிடைக்கவில்லை. அந்தக் கடிதமும் இப்போது புத்தகத்தின் பின்னிணைப்பாக அச்சாகிறது.

இதில் வீரத்தை மட்டும் பார்த்து வணங்கிவிட்டுப் போவது எனக்கு உவப்பில்லை. உருவத்தின் பிரச்னையாகவும் இதைப் பார்க்க வேண்டும். வால்ஷின் நூலுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்றை ஆசிரியர் தீர்மானிக்கவில்லை. அவரால் தீர்மானிக்க முடியவில்லை. தன் கைக்கு மிஞ்சிய ஒன்றை எழுதுகிறோம் என்ற பிரக்ஞை அவருக்குப் பதிப்புக்குப் பதிப்பு கூடியது. அதற்கேற்ப நூலும் மேலும் மேலும் ஒழுங்கற்றதாக, மேலும் மேலும் உண்மையாக ஆகிக்கொண்டு வந்தது.

5

நிஜ மனிதர்கள் புத்தகத்தை விட்டு வெளியே வந்து பேசிவிட்ட சந்தர்ப்பமும் உண்டு. 2015ல் நோபல் பரிசு பெற்ற ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச், ஆப்கானிஸ்தானில் சண்டையிட்ட சோவியத் சிப்பாய்களையும், துத்தநாகப் பெட்டியில் சீல்வைத்து அனுப்பப்பட்ட பிணங்களைப் பெற்றுக்கொண்ட தாய்களையும் பேசவைத்து ஒரு நூல் எழுதினார். அப்படிப் பேசியவர்களில் சிலரே பிற்பாடு மின்ஸ்க் நகரக் கோர்ட்டில் அவர்மேல் வழக்குத் தொடுத்தார்கள். நாங்கள் இப்படிச் சொல்லவில்லை, எங்கள் பிள்ளைகளைக் கொலைகாரர்களாக்கிவிட்டார் என்றார்கள். 1992, 1993ல் விசாரணை நடந்தது. பின்வந்த பதிப்புகளில் அந்த விசாரணையின் ஆவணங்களை அலெக்ஸியேவிச் நூலுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்.

தன்னைக் குற்றம் சொல்லும் சாட்சியத்தைத் தன் புத்தகத்திலேயே கட்டித் தருவது சாதாரணக் காரியமல்ல. ஆனால் அவரைப்பற்றி வேறொன்றும் சொல்லியாக வேண்டும். பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், ஒரே மனிதரின் வாக்குமூலம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். வால்ஷும் மாற்றினார், ஆனால் அவர் மாற்றியது தன்னுடைய பேச்சை. மற்றவன் பேச்சை மெருகேற்றுவது வேறு காரியம். அந்தத் தாய்கள் கோர்ட்டுக்கு வந்ததற்கு அரசியல் தூண்டுதல் மட்டும் காரணம் என்று ஒதுக்கிவிட எனக்கு இஷ்டமில்லை. அழுதுகொண்டே சொன்ன வார்த்தை, அச்சில் அழகாகி எதிரே நிற்கும்போது, அது தன்னுடையதல்ல என்று ஒரு தாய்க்குத் தோன்றியிருக்கலாம். விசாரணையைச் சேர்த்து வைத்ததால்தான் இந்தச் சந்தேகத்தையே நாம் படமுடிகிறது. அந்த அளவில் அந்த நூல் தன் வாசகனை ஏமாற்றவில்லை.

இதே பிரச்னை நமக்கு மிக அருகில் ஒரு முறை வந்து போயிருக்கிறது. 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். இதை ஆதாரமாகக்கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1975ல் வந்து, 1977ல் சாகித்ய அக்காதெமி பரிசும் பெற்றது. அந்நாவலில் மிராசுதாரின் கொடுமைக்கு அவனுடைய ஆண்மைக்குறைவை ஒரு காரணமாக வைத்ததைப் பற்றி எழுந்த சர்ச்சை இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நாவலாசிரியனுக்கு அந்த உரிமை உண்டு என்றுதான் நான் சொல்வேன். அவன் வேறு பெயர் வைக்கிறான், வேறு மனம் தருகிறான், தன் கடைசிப் பக்கத்துக்குத் தானே பொறுப்பேற்கிறான். நாவலுக்கு நாவலாகவே பதில் சொல்ல வேண்டும். ஆனால் சம்பவம் அந்தக் கடைசிப் பக்கத்தில் நிற்கவில்லை. நாவல் வருமுன்பே 1973ல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்திருந்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி மைதிலி சிவராமன் அப்போதே ஆங்கிலத்தில் எழுதினார். 1980ல் வழக்கின் பிரதான மிராசுதார் வெட்டிக் கொல்லப்பட்டார். நாவல் இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. இதையெல்லாம் சொல்லியே ஆகவேண்டிய வேறொரு நூல், ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஒரு அத்தியாயம் கூடியிருக்கவேண்டிய நூல், வேறு ஒரு எழுத்துவகையைச் சேர்ந்தது. நாவல் கைகொடுக்கும் என்று அந்த வேலையை நாவலிடம் விட்டுவிடுவதும், நிஜக்கதையை நாவல் போல முடித்துக் கொடுப்பதும் ஒரே சோம்பலின் இரண்டு பக்கங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

6

நாவல் ரசிகனுக்கு இந்த நூல்கள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டும், நாவலால் கொடுக்க முடியாததற்காக வேண்டும். முடிவு தரும் நிறைவை நாவலில் அவன் ஏராளமாகப் பெற்றிருக்கிறான். இங்கே அவன் பழக வேண்டியது அது கிடைக்காமல் எழுந்து போவதற்கு. எழுதுகிறவனுக்கும் இதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. எங்கே நிறுத்தினேன், ஏன் அங்கே நிறுத்தினேன், அதற்குப்பின் எனக்கு என்ன தெரியவந்தது என்பதை மறைக்காமல் வைக்க வேண்டும். நடை எவ்வளவு அழகாக இருந்தாலும் இது இல்லையென்றால் அது செத்தவர்களின் பேரில் எழுதிய நாவல்தான்.

ஒரு தகவலோடு நிறுத்திக்கொள்கிறேன். க்ளட்டர் கொலை நடந்து ஐந்து வாரத்துக்குள், 1959 டிசம்பரில், ஃப்ளோரிடா மாநிலத்தில் வாக்கர் என்ற இன்னொரு குடும்பம் — கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் — சுட்டுக் கொல்லப்பட்டது. அந்தச் சமயத்தில் ஹிக்காக்கும் ஸ்மித்தும் அந்த மாநிலத்தில்தான் இருந்தார்கள். கபோட்டியின் நூலில் அதைப்பற்றிய பேச்சு வந்து, அவர்களுக்குச் சம்பந்தமில்லை என்று தாண்டிப் போய்விடுகிறது. 2012 டிசம்பரில், தூக்கிலிடப்பட்டு நாற்பத்தேழு வருஷத்துக்குப் பின், கான்ஸஸில் இருவருடைய சமாதிகளையும் தோண்டி எலும்புகளை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். 2013ல் முடிவு வந்தது: நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது என்று. கபோட்டி 1984லேயே இறந்துவிட்டார். இருந்திருந்தால் இதை எழுதியிருப்பாரா என்று தெரியாது. அவர் கற்பனை செய்த மயானத்தில் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. நடந்த கதையில் மயானம் வருவது இந்த இடத்தில்தான். இங்கே மண்வெட்டியும் ஒரு கோர்ட் உத்தரவும் மட்டும் இருக்கின்றன.